கீழ்வீட்டு டெய்லர் விழுந்துவிட்டார்

எக்ஸ்சேஞ்ச் அக்கா ஏமாந்தது ஒரே ஒரு வாக்கியத்தில்தான்.

"அம்மா, கீழ்வீட்டு டெய்லர் மயங்கி விழுந்துட்டாரு, உங்களைத்தான் கூப்பிடுறாரு!" என்று வாசலில் ஒருவன் மூச்சு வாங்க நின்றான். செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். கீழே டெய்லர் வாயில் நூலைக் கவ்வியபடி, குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து ஒரு பேண்ட்டுக்கு இடுப்புப் பட்டி தைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மேலே திரும்பி வந்தபோது பீரோ வாயைப் பிளந்து நின்றது. வளையல்களும் இல்லை, இறந்துபோன கணவரின் கைக்கடிகாரமும் இல்லை.

வளையல் போனதைவிட இன்னொன்று போனதுதான் அவளை அரித்தது. வேலை பார்த்த காலமெல்லாம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இணைப்பு கொடுத்தவள். 'எக்ஸ்சேஞ்ச் அக்கா' என்று பெயர் வந்ததே அதனால்தான். முகம் பார்க்காமல் குரலை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவேன் என்று பெருமையடிப்பாள். அந்தத் திருடனின் குரலில் அவளுக்கு ஒரு துளிப் பொய் கேட்கவில்லை.

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் மகள் அன்றே ஓடி வந்தாள். முதலில் அழுதாள், அப்புறம் காய்ச்சி எடுத்தாள்.

"உன்னைப் பிடிச்சுத் தள்ளியிருந்தா என்னம்மா பண்ணியிருப்ப? இனிமே கடவுளே வந்து தட்டினாலும் திறக்காத. எனக்கு போன் பண்ணு. நான் சொன்னா மட்டும் திற."

கதவுக்குச் சங்கிலி வந்தது. ஊசித்துளை மாதிரி ஒரு கண்ணாடி வந்தது. அதன் வழியே பார்த்தால் யாராக இருந்தாலும் மூக்கு பெரிதாகி, திருடன் மாதிரியே தெரிந்தார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். அவள் கதவு திறந்தது மகளுக்கும் டெய்லருக்கும் மட்டும்தான்.

டெய்லர் சாயங்காலம் கடையை மூடியதும் மேலே வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவார். மனைவி போனபின் கடையின் பின்னறையில் தனியாகவே காலம் தள்ளுபவர்.

"அக்கா, என் பேரைச் சொல்லி உங்களை ஏமாத்திட்டான். எனக்குத்தான் மானக்கேடு" என்பார். "அவன் கைல கிடைச்சா வாயைச் சேர்த்துத் தச்சுடுவேன். கூலிகூட வேணாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் போனதும் சங்கிலியை மாட்டினாள். மாட்டியதை இழுத்துப் பார்த்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"அம்மா! யாராவது இருக்கீங்களா? கீழ டெய்லர் விழுந்துட்டாரு!"

அதே வார்த்தை. அதே மூச்சு வாங்கல். அவள் கண்ணாடியில் பார்த்தாள். நனைந்த சட்டையோடு நடுத்தர வயது ஆள் ஒருவர் பெரிய மூக்கோடு தெரிந்தார். மகளுக்கு போன் போட்டாள்.

"அதே ஆளுங்கதாம்மா!" என்றாள் மகள். "மறுபடியும் அதே வீட்டுக்கு வர்ற தைரியத்தைப் பாரேன். திறக்காத. போனை வைக்காத. நான் இன்னொரு போன்ல போலீசுக்குச் சொல்றேன்."

"பார்சல் குடுக்க வந்தவன்மா நான்!" வெளியே அந்த ஆள் கத்தினார். "என் போன் நனைஞ்சு செத்துப்போச்சு. கதவைத் திறக்கவே வேணாம், ஆம்புலன்ஸுக்கு ஒரு போன் மட்டும் பண்ணுங்க!"

"போன் பண்ணச் சொல்றான்டி" என்று கிசுகிசுத்தாள்.

"நடிப்பும்மா. பேச்சே குடுக்காத."

அவள் பேச்சு கொடுக்கவில்லை. சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். இந்தக் குரலில் பொய் இல்லை என்று காது சொன்னது. அன்றைக்கும் இந்தக் காது இதைத்தானே சொன்னது?

காலடிகள் படியில் இறங்கி ஓடின. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அந்த ஆள் மழையில் கையை ஆட்டியபடி தெருவுக்கு ஓடினார். முனையிலிருந்து வந்த போலீஸ் வண்டி அவர் பக்கத்தில் நின்றது. இறங்கியவர்கள் அவர் கையை முறுக்கிப் பின்னால் கட்டினார்கள். அவர் தையல் கடைப் பக்கம் தலையை ஆட்டி ஆட்டி என்னவோ கதறினார். ஒரு அறை விழுந்தது. அவரை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகுதான் ஒரு போலீஸ்காரர், எதற்கும் பார்ப்போம் என்பதுபோல் கடைக்குள் நுழைந்தார். நுழைந்த வேகத்தில் வெளியே ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது டெய்லருக்கு உயிர் இல்லை.

மகள் வந்து சேர்ந்தபோது அம்மா நாற்காலியில் அசையாமல் இருந்தாள். 'நீ சொன்னதைத்தானே செஞ்சேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மகளும் அந்த வார்த்தைக்காகத்தான் தலைகுனிந்து நின்றாள். அம்மா கேட்டது வேறு.

"அந்தப் பார்சல்காரர் எங்கடி?"

"ஸ்டேஷன்லதான் வச்சிருப்பாங்க."

"குடையை எடு."

ஸ்டேஷனில் பார்சல்காரர் ஒரு மூலையில் தரையில் குந்தியிருந்தார். உதடு வீங்கியிருந்தது. மேசையிலிருந்த அதிகாரி அவளுக்கு மட்டும் நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"என் வீட்டுல திருடினவன் இவர் இல்ல. இவர் உதவி கேட்டுத்தான் வந்தாரு. திறக்காதது நான். இவரை விடுங்க."

"வயசானவங்களுக்காகத்தானேம்மா உடனே வந்தோம்" என்றார் அதிகாரி. கொஞ்சம் கோபமாகவே சொன்னார், ஆனாலும் அவரை விட்டுவிட்டார்.

வெளியே தாழ்வாரத்தில் பார்சல்காரர் அவளை முதல் முறையாக நேராகப் பார்த்தார்.

"டெய்லர் எப்படி இருக்காரு?"

மகள்தான் சொன்னாள்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம், யாரிடமோ சொல்வதுபோல் பேசினார்: "என் கையைப் பிடிச்சுக்கிட்டாரும்மா. விடவே மாட்டேன்னுட்டாரு. நான்தான் பிடுங்கிக்கிட்டு மேல ஓடி வந்தேன். இப்படித்தான் ஆகும்னு தெரிஞ்சிருந்தா கூடவே உட்கார்ந்திருப்பேன்."

"என்னை மன்னிச்சுடுங்க" என்றாள் அக்கா.

"உங்களைச் சொல்லி என்னம்மா. எங்கம்மாகிட்ட நானும் இதையேதான் சொல்லி வச்சிருக்கேன். யாருக்கும் திறக்காதன்னு." உதட்டைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. இனிமே எவன் விழுந்து கிடந்தாலும் நான் ஒரு கதவையும் தட்டமாட்டேன்."

மழையிலேயே இறங்கிப் போய்விட்டார். மகள் நீட்டிய குடையை அவர் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்குப் பார்சல் கொண்டுவந்தது வேறு ஆள். வளையல் திருடனைக் கடைசிவரை பிடிக்கவில்லை. மகள் அம்மாவைத் தன் வீட்டுக்கே கூப்பிட்டாள். பல முறை கூப்பிட்டாள். அவள் போகவில்லை. காரணம் கேட்டால், "டெய்லர் வீட்டுக்கு யாராவது குடி வரட்டும், பார்ப்போம்" என்பாள். கடைப் பூட்டு துருவேறிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை.