மாத்திரை அறியாத உடம்பு

ஜம்புலிங்கத்தின் சர்பத் வண்டி என் மெடிக்கல் ஷாப்புக்கு நேர் எதிரே, அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பை ஒட்டி நின்றது. வண்டியின் நெற்றியில் ஒரு தகரப் பலகை. ‘அசல் மலை நன்னாரி சர்பத். எனக்கு வயது 62. மருந்து மாத்திரை அறியாத உடம்பு.’ இதில் வயதை மட்டும் வருஷா வருஷம் அழித்துப் புதிதாக எழுதுவார். மாட்டுப் பொங்கலன்று மற்றவர்கள் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்தால் இவர் தன் வயதுக்கு வர்ணம் அடிப்பார்.

பலகையில் இருந்த வயது உண்மை. நன்னாரியும் உண்மை. மூன்றாவது வரி மட்டும் பொய். டாக்டரை விட்டால் அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் நானும்.

அவருடைய ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு நாள், கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று என் கடைப் படியில் வந்து உட்கார்ந்தார். பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி இரண்டு தடவை பிரஷர் பார்த்துவிட்டு, ஆயுசுக்கும் சாப்பிட வேண்டிய மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். நன்னாரி போதாதா என்று இவர் கேட்டார். தாகத்துக்கு நல்லது, நீர்க்கடுப்புக்கும் நாட்டு வைத்தியத்தில் கொடுப்பார்கள், தாராளமாக ஒரு கிளாஸ் குடியுங்கள், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் குடிக்காதீர்கள் என்றார் டாக்டர். பலகை அப்போதே வண்டியில் ஏறிவிட்டிருந்தது. திரும்பி வரும் வழியில் ஜம்புலிங்கம் என் தோளில் கை வைத்தார்.

“அந்தோணி, இது நம்மளோட போவட்டும்.”

போகட்டும் என்றேன். அன்றிலிருந்து மாதம் ஒரு முறை, முதல் ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, தெருவில் ஈ காக்கை இல்லாத நேரமாகப் பார்த்து வருவார். அவர் கேட்க மாட்டார், நான் பேச மாட்டேன். காக்கிக் கவர் டிராயரில் தயாராக இருக்கும். பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியார் போல நான் வாயைத் திறந்ததில்லை. ஒருவர் நோயை இன்னொருவரிடம் பேசாத கடைக்காரன் என்று எனக்கு என் மேல் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவருடைய சர்பத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மற்ற வண்டிகளில் எசன்ஸும் கலரும்தான். இவர் திருத்தணிப் பக்கத்திலிருந்து வேர் வாங்கி, மண் போகக் கழுவி, தட்டி, உள்ளே இருக்கிற கட்டையை உருவிப் போட்டுவிட்டுத் தோலை மட்டும் ஊற வைப்பார். பாகு காய்ச்சுகிற அன்று வாசனை ரோட்டைத் தாண்டி என் கடையின் டிங்க்சர் நெடியையே அமுக்கிவிடும். அந்த சர்பத்தைக் குடித்து யாருக்கும் எதுவும் வந்ததில்லை. வேரின் மேல் எனக்கு ஒரு குற்றச்சாட்டும் கிடையாது.

கஜபதி, எஸ்டேட் ஃபேக்டரி ஒன்றில் லேத் மெஷின் ஓட்டுபவர். நாற்பத்தாறு வயது, வீடு அண்ணனூரில். சம்பளத்தன்று வந்து ஒரு மாதத்துக்கான பிரஷர் மாத்திரை வாங்கிப் போவார். எண்பத்தேழு மார்ச்சில் வரவில்லை. வேறு கடையில் வாங்கியிருப்பார் என்று விட்டுவிட்டேன். ஆனால் தினமும் சாயங்காலம் என் கண் முன்னாலேயே சர்பத் வண்டியில் நின்று பெரிய கிளாஸாகக் குடித்துக்கொண்டிருந்தார். ஏப்ரல் மாதச் சம்பளமும் போயிற்று. ஒரு நாள் கைதட்டிக் கூப்பிட்டேன்.

“மாத்திரையெல்லாம் உட்டுட்டேண்ணே. காலைல ஒரு கிளாஸ், சாயங்காலம் ஒரு கிளாஸ், நன்னாரிதான். ஒடம்பு பஞ்சு மாரி கீது.”

பிரஷர் வலிக்காது, உடம்பு நன்றாக இருக்கிறது என்பது அதற்கு அத்தாட்சி ஆகாது, திடீரென்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து என்றெல்லாம் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு எதிரே இருந்த பலகையைக் காட்டினார்.

“அந்தாளப் பாருண்ணே. அறுவத்திரண்டு. ஒரு மாத்திரைய கையால தொட்டதில்ல. நீ மாத்திரை விக்கிறவன், நீ வேற இன்னாத்த சொல்லுவே?”

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. காக்கிக் கவரில் மடித்து டிராயருக்குள் வைத்திருந்தேன். டிராயரை நான் திறக்கவில்லை.

மறுநாள் ஜம்புலிங்கத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. சொல்லிவிடுகிறேன் என்றார். சாயங்காலம் இருவரும் பேசுவதைக் கடையிலிருந்து பார்த்தேன். பஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கஜபதி தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்ததுதான் தெரிந்தது. மாத்திரையும் போடு, சர்பத்தும் குடி என்று ஜம்புலிங்கம் சொன்னாராம். பெரிய மனுஷன் தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று கஜபதி இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடித்தாராம். நீங்கள் மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னீர்களா என்று கேட்டேன்.

“அத்த சொன்னா இந்த வண்டி நிக்குமா, அந்தோணி?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் ரகசியம், அவர்தான் சொல்ல வேண்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது. நாளும் அது பாட்டுக்கு ஓடியது. கஜபதி தினமும் வந்து குடித்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு பஸ் ஏறினார்.

மே கடைசியில் ஒரு காலை, ஷிப்ட் சங்கு ஊதி ஓய்வதற்குள் லேத்தின் பக்கத்திலேயே விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. மூன்று வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை சாப்பிட்டிருந்தால் வந்தே இருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதற்கு வேண்டிய படிப்பு எனக்கு இல்லை. ஏன் சாப்பிடவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஜூனில் அவர் மனைவி வேம்புலியம்மாள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தாள். புருஷனைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உச்சி வெயிலில் வந்திருந்தாள். நான் மாத்திரை அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தபோது ஜம்புலிங்கம் துண்டில் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். அவளைப் பார்த்ததும் திரும்பப் போனார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு மரியாதையாக நகர்ந்து நின்றாள்.

“நைனா, அவருக்குப் பேச்சே வர்ல. ஆனா நல்லா கீற கையால கிளாஸ் மாரி காட்டிக்கினே கீறாரு. உங்க சர்பத்தத்தான் கேக்குறாரு. இந்த மாத்திரைங்கள துண்ணும் ஒண்ணும் ஆவல. எல்லாத்தையும் நிறுத்திட்டு மறுபடி அதையே குடுத்துப் பாக்கலாமான்னு கீது. உங்க ஒடம்புக்கு அது ஒத்துக்கினு கீதே. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, அப்டியே செய்றேன்.”

ஜம்புலிங்கம் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில்கூட நான் ஒன்றும் சொல்லவில்லை.

“அந்தோணி, என் கவர எடு.”

எடுத்துக் கொடுத்தேன். கவரைக் கிழித்து உள்ளே இருந்த அட்டையை அவளுடைய அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே மாத்திரை.

“நாலு வருசமா நானும் இத்தத்தான் துண்ணுறேம்மா. பலகைல எழுதிக்கீறது பொய். மாத்திரைய நிறுத்தாதே.”

அவள் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“இவருக்கு நீங்கதான் குடுத்துக்கினு வந்தீங்களா?”

ஆமாம் என்றேன்.

“அவரு மாத்திரைய உட்டது உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன்.  தன் அட்டையை ஒயர் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். பிறகு என் கடைக்கு வரவே இல்லை. அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் மாத்திரையைத் தவறாமல் வாங்குகிறாள் என்று கஜபதியோடு வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இது எந்தக் கட்டளையில் சேரும் என்று தெரியாமல், பொய் சொல்லவில்லை சாமி, சும்மா இருந்தேன் என்றேன். சாமியார் பரிகாரமாக வழக்கமான மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் கொடுத்து அனுப்பினார்.

அவள் வந்துபோன அன்றைக்கே, ஷிப்ட் விடுவதற்கு முன்னால் ஜம்புலிங்கம் பலகையைக் கழற்றி மூன்றாவது வரியைச் சுரண்டினார். அந்த இடத்தில் கோணல் மாணலாக, ‘நானும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று எழுதி மாட்டினார்.  நானும் வெளியே வந்து நின்றேன். சங்கு ஊதியது. ஆட்கள் வெளியே வந்தார்கள். முதலில் வந்தவர் பலகையை நின்று முழுக்கப் படித்தார்.

“ஐஸ் கொஞ்சம் தூக்கலா போடு பெருசு,” என்றார்.

அவருக்குப் பின்னால் வழக்கம் போலக் கூட்டம் சேர்ந்தது. வெயில் இருந்தது, எல்லோருக்கும் தாகம் இருந்தது. முந்தின நாளைவிட ஒரு கிளாஸ்கூடக் குறைவாக விற்கவில்லை. ஜம்புலிங்கம் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தபடி ரோட்டுக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார், அழுதுகொண்டிருந்தார். கஜபதி எப்போதும் நிற்கிற இடத்தில் வேறு யாரோ நின்று குடித்துக்கொண்டிருந்தார்.