மேவிஸின் மேப்பிள் சிவந்த புதன்கிழமை

இனி நான் எழுதப்போவதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. எங்கள் தோட்டத்துத் தேநீர் அறையில் பைபிள் இல்லாததால், பார்வையாளர் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். அந்தப் புத்தகத்தில் நாற்பது பேர் ‘கேக் பிரமாதம்’ என்று எழுதியிருக்கிறார்கள். கேக்கைத் தின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், பொய் இருக்கிறதென்றால் அங்கேதான் இருக்கிறது.

என் பெயர் சிரில். ஹாரோக்ளஃப் காட்டுத்தோட்டத்தில் இலையுதிர்காலப் புதன்கிழமை நடையை இருபத்திரண்டு வருடங்களாக நடத்திவருகிறேன். காலை பத்தரை மணிக்கு மழைக்கோட்டு போட்ட பன்னிரண்டு பேர் என் பின்னால் வருவார்கள். சுற்றி முடித்ததும், எந்த மரம் எவ்வளவு நிறம் மாறியிருக்கிறது என்று வாசல் கரும்பலகையில் எழுதிவைப்பேன். யார்க்‌ஷயரில் பாதிப் பேர் அந்தப் பலகையை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை காரை வெளியே எடுக்கிறார்கள்.

நம்புவதற்குக் காரணம் உண்டு. ஓடையோரத்து காட்சுரா மரம் இலை பழுக்கும்போது காய்ச்சிய சர்க்கரைப்பாகு மாதிரி மணக்கும். ஒரு வருடம் மணம் தாங்காமல் ஒரு பாதிரியார் அதன் தண்டை நக்கிவிட்டார். இன்னொரு வருடம் பெரிய பீச் மரம் மொத்த இலைகளையும் ஒரே நேரத்தில் தொப்பென்று போட்டது. அடியில் நின்றிருந்த டிக்கெட் கொடுக்கிற பெண்ணைத் தோண்டியெடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. இரண்டையும் நான்தான் முதலில் பலகையில் எழுதினேன்.

இந்தக் கதை கீழ்ச்சரிவில் நிற்கும், அக்டோபரில் இலையெல்லாம் சிவக்கிற ஜப்பானிய மேப்பிளைப் பற்றியது. அதை நட்டவன் கிளிஃபோர்ட். என் நண்பன், புதன்கிழமை நடைக்குத் தவறாமல் வரும் மேவிஸின் கணவன். சனிக்கிழமைகளில் கூலியில்லாமல் வந்து மண் வெட்டுவான். யாராவது ஒரு சொல் அதிகமாகப் பேசிவிட்டால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செப்டம்பரில் அவன் இறந்துபோனான். ‘இறந்தவர்களின் சாம்பலைத் தோட்டத்தில் தூவ வேண்டாம்’ என்று எங்கள் பாதையிலேயே அறிவிப்பு இருக்கிறது. அடுத்த மாதம், நடைக்கு வந்த மேவிஸ் கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. மேப்பிள் அருகே வந்ததும், பூட்ஸ் கயிறு கட்டவேண்டும் என்று சொல்லிக் குனிந்தாள். அவள் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ். அதற்கு ஏது கயிறு?

நாங்கள் அத்தனை பேரும் திரும்பி எதிரே இருந்த பிர்ச் மரத்தைப் பார்த்தோம். ஒரு பிர்ச் மரத்தை இங்கிலாந்தில் அத்தனை பேர் அவ்வளவு நேரம் அதற்கு முன்பு பார்த்திருக்க மாட்டார்கள். நாங்கள் மறுபடி திரும்பியபோது டின் காலியாக இருந்தது. மூன்று கிலோ கிளிஃபோர்ட், ஒரே இடத்தில்.

மனிதச் சாம்பலில் உப்பு அதிகம். வேரில் குவியலாக விழுந்தால் மரம் கருகும். எங்களில் ஒன்பது பேர் தோட்டவேலை தெரிந்தவர்கள். ஒருவராவது வாயைத் திறந்து ‘கொஞ்சம் பரவலாப் போடுங்க’ என்று சொல்லியிருக்கலாம். துக்கத்தில் இருப்பவளிடம் அப்படிச் சொல்வது எங்கள் ஊரில் நாகரிகம் அல்ல. நாங்கள் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே மேலே ஏறினோம்.

அதற்குப் பிறகு மேப்பிள் சிவக்கவில்லை. ஆகஸ்டிலேயே இலை ஓரம் கருகிச் சுருண்டது. இந்த வருடம் அக்டோபர் முதல் வாரத்தில் தண்டில் ஒரு பெயிண்ட் புள்ளி இருந்தது. வெட்டப்போகிற மரங்களுக்குத்தான் அந்தப் புள்ளி வைப்பார்கள்.

தலைமைத் தோட்டக்காரி பிரியோனியிடம் கேட்டேன். “மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன் சிரில்,” என்றாள். “சிவந்துச்சுன்னா உள்ளுக்குள்ள இன்னும் தெம்பு இருக்குன்னு அர்த்தம், விட்டுடறேன். இல்லேன்னா வேரோட எடுத்துருவோம். அடிமண்ணையும் மாத்தணும்.”

அடிமண்ணையும் மாற்றுவார்கள் என்றதும், பக்கத்தில் நின்றிருந்த மேவிஸின் முகம் சாம்பலாகிவிட்டது. அன்று எல்லோரும் தேநீருக்குப் போனபின் அவள் மட்டும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சிரில், அந்த மரத்தைக் கெடுத்தது நான்தான். கிளிஃபை அங்கதான் போட்டேன்.”

“தெரியும்.”

“தெரியுமா? யாருக்கெல்லாம்?”

“எல்லாருக்கும். அன்னிக்கு வந்த அத்தன பேரும் பிர்ச்சைப் பாத்துட்டு நின்னோமே.”

“அடப்பாவி! மூணு வருஷமா தூக்கமில்லாம கெடக்கேன். ஒருத்தராவது சொல்லக்கூடாதா?”

“சொன்னா நீ சங்கடப்படுவியேன்னுதான்.”

“இப்ப என்ன, சந்தோஷமா இருக்கேனா?” அவள் மரத்தைப் பார்த்தாள். “அவனே வெச்ச மரம். அதை அவனைக் கொண்டே கொன்னுட்டேன். இப்ப அவனையும் மண்ணோட அள்ளி வண்டில போடப்போறாங்க.”

மழைநீர் ஊற்றினால் உப்பு கீழே இறங்கும் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாளிலிருந்து இருவரும் பிளாஸ்க்கில் மழைநீர் கொண்டுவந்து ஊற்றினோம். முந்நூற்றுப் பன்னிரண்டு பிளாஸ்க். ஒருமுறை மேவிஸ் அவசரத்தில் மாற்றியெடுத்து, சர்க்கரை போட்ட தேநீரை ஊற்றிவிட்டாள். கிளிஃபோர்டுக்குச் சர்க்கரை வியாதி. அன்று மாலைவரை மரம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

சுற்றிலும் இலையுதிர்காலம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. காட்சுரா மணந்து ஓய்ந்தது. பிர்ச் இலைகள் ஓடையில் சில்லறையாக மிதந்தன. பாதையில் நடந்தால் காலடியில் முதலில் சலசலத்தது, அடுத்த வாரம் சதசதத்தது. கீழ்ச்சரிவு மேப்பிள் மட்டும் அப்படியே நின்றது. ஒவ்வொரு புதன்கிழமையும் மேவிஸ் என் முகத்தைப் பார்ப்பாள். நான் பலகையில் அந்த மரத்தின் பெயருக்கு எதிரே ஒரு கோடு போடுவேன்.

கடைசிப் புதன்கிழமை வந்தது. பனிமூட்டமும் சாரலும் சேர்ந்துகொண்டதால் வேறு யாரும் வரவில்லை. மூட்டம் எவ்வளவு கனம் என்றால், கைத்தடியால் தட்டி வழிகேட்டுத்தான் உள்ளே போகவேண்டியிருந்தது. மேவிஸ் நேராக மரத்தடிக்குப் போய் நின்றாள். நாற்பத்தாறு வருட மணவாழ்க்கையில் அவள் கிளிஃபோர்டிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

“போதும் கிளிஃப்!” என்று கத்தினாள். “உயிரோட இருந்தப்பதான் உர்ருன்னு இருந்தே, நானும் பொறுத்துக்கிட்டேன். செத்தப்புறமுமா? ஒரே எடத்துல கொட்டினது என் தப்புதான். தப்புதான்னு சொல்றேன்ல? என்னால இதுக்குமேல முடியாது.”

சொல்லிவிட்டு அழுதாள். நான் பிர்ச்சைப் பார்க்கத் திரும்பினேன். பாதி திரும்பியவன், வெட்கப்பட்டு நிறுத்தி, மரத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் நடந்தது. உச்சி இலை முதலில். பிறகு அதற்கடுத்தது. திட்டு வாங்கியவனுக்கு நெற்றியிலிருந்து கழுத்துவரை சிவப்பு இறங்குமே, அதேபோல் கிளை கிளையாக இறங்கிவந்தது. கடைசி இலை சிவந்தபோது பனிமூட்டமே இளஞ்சிவப்பாகிவிட்டது. என் கைக்கடிகாரத்தில் பதினொன்றே கால்.

மேவிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்த துணியும் நனைந்திருந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியல சிரில். கண்ணெல்லாம் தண்ணி. செவந்திருக்கா?”

“செவந்திருக்கு மேவிஸ்.”

“நெசமாத்தானே? எனக்காகச் சொல்லலியே?”

“இந்தத் தோட்டத்துல இவ்வளவு செவப்பை நான் பாத்ததே இல்ல.”

அவள் மரத்தண்டில் கையை வைத்து வெகுநேரம் நின்றாள். நான் வாசலுக்குப் போய்ப் பலகையில் எழுதினேன்: கீழ்ச்சரிவு மேப்பிள், முழுச் சிவப்பு.

அன்றிரவு அடித்த காற்றில் இலை மொத்தமும் போய்விட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடுத்த மாவட்டமான லங்காஷயரில் ஒரு பசுமாட்டின் முதுகில் கொஞ்சம் கிடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். காலையில் பிரியோனி பலகையைப் படித்தாள், மொட்டை மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“உங்க கண்ணால பாத்தீங்களா சிரில்?”

“ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்மா.”

அவள் போய்க் கம்பி பிரஷ் எடுத்துவந்து அந்தப் பெயிண்ட் புள்ளியைத் தேய்த்து எடுத்துவிட்டாள். மரத்துக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்திருக்கிறது. மேவிஸ் இப்போது தூங்குகிறாளாம். ஆனாலும் தினமும் பிளாஸ்க்கோடு வருகிறாள். அடுத்த அக்டோபரைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

பத்தொன்பது வயதில் ரயில் எஞ்சின் ஓட்டும் வேலைக்கு மனுப்போட்டேன். சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று கண் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.