பூக்காத வயல்

மார்ச் மாதம் பாதி கழிந்துவிட்டது. லெசோத்தோவின் எங்கள் மலைச்சரிவில் எல்லார் கஞ்சாவும் பூத்து மணத்தது. மாலினேயோவின் வயல் மட்டும் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போனது. உறைபனி விழுவதற்குள் பூத்து முற்றாவிட்டால் அதை விற்று வாங்கும் சோளமாவு அந்த விதவைக்கு வருஷம் முழுக்கக் கிடையாது.

பக்கத்து வயல்காரன் தெசேலே ஊர்த்தலைவி மாபொலோகோவிடம் முறையிட்டான். மாலினேயோவின் மகள் மலைக்குக் கீழே சமவெளியில், கஞ்சா வளர்க்க லைசென்ஸ் வாங்கிய கம்பெனியில் வேலை பார்த்தாள்.

"விதைப்புக்கு வந்தப்போ கம்பெனி விதையைக் கொண்டாந்திருக்கா, தலைவியம்மா. அது நம்ம பருவத்துக்குப் பூக்காது. நாளைக்கு அது தாமதமாப் பூத்து, அதோட மகரந்தம் காத்துல வந்து விழுந்தா நம்ம விதையும் கெட்டுப்போகும். பிடுங்கிப் போடணும்."

"போன வருஷம் என் வயல்ல எடுத்த விதைதான் அது," என்றாள் மாலினேயோ.

"அப்போ ஏன் பூக்கலை?"

சனிக்கிழமை பிடுங்கிவிடுவது என்று முடிவானது.

அன்று சாயங்காலம் வயலுக்குப் போனவள் திகைத்து நின்றாள். பெரிய பாறையின் அடியில் ஏழு செடிகள் பூத்திருந்தன. ஒரே விதை, ஒரே நாளில் தூவியது. இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எதிர் மலையில் சுரங்கம் தோண்டுகிறவர்களின் முகாமில், ஜனவரியில் நட்ட உயர்ந்த கம்பத்தில் விளக்கு எரிந்தது. மேட்டு மறைவில் இருந்த மற்ற வயல்களில் அது படவில்லை; அவள் வயல் முழுக்க வெள்ளை வெளிச்சம். பாறைக்கு அடியில் மட்டும் இருட்டு.

மகளுக்குப் போன் போட்டாள்.

"ஆமாம்மா, இங்க பூக்க வேண்டாம்னா ராத்திரியும் விளக்குப் போட்டு வைப்பாங்க. இருட்டு நீளமாகணும், நடுவுல வெளிச்சம் படக்கூடாது. அப்பத்தான் செடிக்குப் பருவம் தெரியும்."

விடிந்ததும் தலைவியிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள்.

"முகாம்ல போய்ச் சொல்லு," என்றாள் தலைவி.

"என்னன்னு சொல்ல? லைசென்ஸ் இல்லாம கஞ்சா போட்டேன், உங்க விளக்கால பூக்கலைன்னா? நேரா ஜெயில்தான். பன்னிரண்டு நாள் குடுங்க, நிரூபிக்கிறேன்."

வீட்டில் நான்கு கம்பளிகள்தான் இருந்தன. குச்சி நட்டு, பொழுது சாய்ந்ததும் நான்கு செடிகளைக் கம்பளியால் மூடி, விடிந்ததும் திறந்தாள்.

"செடிக்குக் குளிருதாம், போர்த்தி விடுறா! பால் குடுத்தியா அக்கா?" என்று தெசேலே வேலியோரம் நின்று சிரித்தான். அவள் அடுத்த செடியை மூடப் போனாள். போர்த்த எதுவுமின்றிக் குளிரில் நடுங்கியபடி தூங்கினாள். ஆறாம் நாள் காற்று ஒரு கம்பளியைக் கிழித்தது. பத்தாம் நாளும் கணுக்களில் ஒன்றுமில்லை. தான் நினைத்தது தப்போ என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் காலையில் தெசேலே மண்வெட்டியோடு வந்தான். பின்னால் தலைவியும் பாதி ஊரும். மாலினேயோ கம்பளியை விலக்கினாள்.

தெசேலே குனிந்தான். பிறகு முழங்காலிட்டான். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இரண்டாக, நூல்போல வெள்ளை இழைகள், பூ விடுவதன் முதல் அடையாளம். பக்கத்தில் மூடாத செடியைப் பிடித்துப் பார்த்தான். அதில் வெறும் இலை.

"நம்ம விதைதான்," என்றான் மெதுவாக.

தலைவி அன்றே முகாமுக்குப் போனாள். வயலைப் பற்றி மூச்சே விடவில்லை. "உங்க வெளிச்சம் எங்க கல்லறை மேல விழுது. செத்தவங்க தூங்க முடியலைன்னு ஊரே கொதிக்குது," என்றாள். பயந்துபோன அதிகாரி விளக்கை மறுபக்கம் திருப்பிவிட்டார்.

இருட்டு வந்த இரண்டே வாரத்தில் வயல் முழுக்கப் பூத்தது. ஆனால் காலம் கடந்திருந்தது. மே மாத முதல் உறைபனி மேல்பாதியைக் கருக்கிவிட்டது. மிஞ்சிய கீழ்ப்பாதியை அறுக்க, கூப்பிடாமலே தெசேலே அரிவாளோடு வந்து நின்றான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. மத்தியானம் கூலிக்காரனுக்கு வைப்பதுபோல் களியும் கீரையும் வைத்துவிட்டு, தன் பங்கை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.