அம்மாவிடம் யார் சொல்வது

ஜெபாவின் சிறுமூளையில் இருந்த கட்டியை எடுத்து ஒரு வருஷமாகிறது. உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் கடப்பாக்கத்து மணலில் எல்லாப் பிள்ளைகளையும் முந்தி ஓடிய பத்து வயசுக்காரி, இப்போது சுவரைப் பிடிக்காமல் நாலடி வைத்தால் ஒரு பக்கமாய்ச் சாய்கிறாள். டம்ளரை எடுக்க நீட்டிய கை நடுங்கி, டம்ளரைத் தாண்டிப் போய்விடுகிறது. பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வருகிறது.

லோடு ஆட்டோ ஓட்டும் அவள் அப்பா ஜெரோம், வாராவாரம் அவளைப் பயிற்சிக்காகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். "எம்பொண்ணு பழையபடி ஓடுவா பாரு," என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா ரெபேக்காள்.

அன்றைக்கு, மகள் பழையபடி ஓடுவாளா என்று ஜெரோம் டாக்டரிடம் கேட்டேவிட்டான்.

"இன்னும் தேறுவா. பிடிக்காம நடக்கலாம். ஆனா முன்ன மாதிரி ஓடுறது கஷ்டம்பா," என்றார் அவர்.

சற்றுத் தள்ளி, கம்பியைப் பிடித்து நடந்துகொண்டிருந்த ஜெபா திரும்பவேயில்லை. அவள் காதில் விழவில்லை என்றுதான் ஜெரோம் நினைத்தான்.

திரும்பி வரும் பஸ் கருங்குழியைத் தாண்டியும் அவன் அதையே நினைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் எப்படிச் சொல்வது?

"அப்பா... அம்மாகிட்ட... நான் சொல்றேன்."

"இன்னாத்தம்மா?"

"டாக்டர் சொன்னத. நீ சொன்னா... அழுதுடுவ."

ஜெரோம் குனிந்து, மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினான்.

வீட்டில் ரெபேக்காள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னா சொன்னாங்க?"

ஜெபா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் நடப்பேன்மா. ஆனா... முன்ன மாதிரி... ஓட மாட்டேன்."

"யாருடி சொன்னது உனுக்கு?" என்று சீறிய ரெபேக்காள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ இன்னா வாய மூடிகினு நிக்கிற? இல்லன்னு சொல்லேன்யா!"

ஜெரோம் மகளருகே போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

மீன் கையோடு மகளை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள் ரெபேக்காள். வழியெல்லாம் அடக்கி வைத்திருந்த ஜெபாவும் அப்போதுதான் அழுதாள்.

அந்த வருஷத்து மாதா தேர்ப்பவனியில் மூன்று பேரும் போனார்கள். ரெபேக்காள் மகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பாட்டும் மேளமும் அடுத்த தெருவுக்குள் திரும்பிவிட்டன. தேரைப் பிடிக்க எட்டிப்போட்ட ஜெபாவின் கால் தடுமாறியது.

"தேரு போவட்டும், நீ மெதுவா வா," என்றாள் ரெபேக்காள்.