அத்தையின் பத்து நகம்

நபுகாலு நாற்காலியில் உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியும் கையில் சுற்றியிருந்த சால்வையை அவிழ்க்கவில்லை. வண்டேகயாச் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்தச் சிறிய அழகு நிலையத்தில் அப்போது வேறு யாரும் இல்லை. நகக்காரி நமுகாசா அரத்தையும் எண்ணெய்ச் சீசாவையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"கையக் காட்டுனாத்தானம்மா வேலையப் பாக்க முடியும்?"

"மொதல்ல கதவச் சாத்து."

கதவு சாத்தப்பட்ட பிறகுதான் சால்வை அவிழ்ந்தது. பத்து நகங்களும் கறுத்துப் போயிருந்தன. வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகம் பாதி பெயர்ந்து நின்றது. மார்பில் வந்த கட்டிக்கு ஆறு தவணை மருந்து ஏற்றி முடித்து ஒரு மாதமாகிறது. உதிர்ந்த முடியைத் தலைத்துணி மறைத்துவிட்டது. கையை மறைக்கத்தான் வழியில்லை.

"நீளமா, செவப்பா ஒட்டு நகம் வெச்சிடு. பத்துக்கும்."

"வெக்க மாட்டேன்."

நபுகாலுவுக்கு முகம் சிவுசிவுத்தது. அவள் ஒன்று சொல்லி அதற்கு மறுப்புச் சொன்னவர்கள் அவள் குடும்பத்தில் யாரும் கிடையாது.

"கோவப்படாதீங்கம்மா. பசை போட்டு மூடினா உள்ள ஈரம் தங்கும். ரெண்டே நாள்ல சீழ் வெக்கும். உங்க உடம்பு இப்ப அதத் தாங்காது. மருந்து ஏத்திக்கிட்டு வர்ற பொம்பளைங்க எல்லாரும் மொதல்ல இதத்தான் கேப்பாங்க. நான் யாருக்கும் செய்யறதில்ல."

"சீழ் ஞாயித்துக்கெழம வரட்டும். எனக்குச் சனிக்கெழம தாண்டினாப் போதும்."

சனிக்கிழமை அவள் அண்ணன் மகள் நாந்தேசாவுக்கு அறிமுகச் சடங்கு; மாப்பிள்ளை வீட்டார் சீர்க்கூடைகளோடு பெண் கேட்டு வரும் நாள். பெண்ணின் அத்தை ஒப்புக்கொண்டால்தான் ஒருவன் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை. அதற்காகவே இரண்டு மாதம் முன்பு மாப்பிள்ளை வீட்டார் நபுகாலுவின் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சம்மதத்துக்கு அடையாளமாக, வந்தவர்கள் மெல்லுவதற்கு அத்தை தன் கையால் காப்பிக் கொட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவளோ கையைச் சால்வைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அண்ணியைக் கொடுக்கச் சொன்னாள். பெண் எடுக்கிறவர்கள் அந்தக் குடும்பத்தில் என்ன நோய் என்று தோண்டித் துருவுவார்கள். தன்னால் நாந்தேசாவின் பேரில் ஒரு சொல் விழக்கூடாது என்பதற்காக, அண்ணனைத் தவிர ஒருவரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

இன்று காலை அண்ணன் ஃபோன் செய்தார். "தங்கச்சி, அவங்க தப்பா எடுத்துக்கிட்டாங்க. அத்தை கையால தரல, அத்தைக்கு நம்ம பையனப் புடிக்கலன்னு பேசிக்கிறாங்களாம். சனிக்கெழமையும் வேற கை நீட்டுச்சுன்னா வண்டியத் திருப்பிடுவாங்களாம்."

வேறு வழியில்லாமல் நபுகாலு இதை நமுகாசாவிடம் சொன்னாள். நமுகாசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நோய மறைக்கப் போயி, மாப்பிள்ளையே வேணாம்னு சொல்லிட்டீங்களே!"

"சிரிச்சது போதும். வேலையப் பாரு."

நமுகாசா நகங்களை ஒட்ட, நேராக வெட்டினாள். ஒரே பக்கமாக மெல்ல அராவினாள். ஓரத்துச் சதையைத் தொடவில்லை. எண்ணெய் தடவி ஊறவிட்டாள். பிறகு துடைத்துவிட்டு, எட்டு நகங்களுக்கு நாவல்பழ நிறத்தில் சாயம் பூசினாள். கறுப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. பெயர்ந்த இரண்டு நகங்களுக்கும் எதிலும் மாட்டிக்கொள்ளாதபடி மெல்லிய பிளாஸ்திரி சுற்றினாள்.

"இந்த ரெண்டுக்கும் சாயம் கெடையாது."

"அந்த ரெண்டு விரலாலதானடி கொட்டைய எடுக்கணும்!"

"யாராவது கேட்டா, கதவு இடுக்குல நசுங்கிடுச்சுன்னு சொல்லுங்க."

சனிக்கிழமை பந்தலில் முந்நூறு பேர். நபுகாலு பாயில் மண்டியிட்டு, எதிரே மண்டியிட்ட மாப்பிள்ளையின் அத்தை நாகிபூலேயின் முன்னால் கூடையைத் திறந்தாள். நாகிபூலேயின் முகம் இறுகியிருந்தது. வெயிலில் கை வியர்த்து, பிளாஸ்திரி நழுவுவதை நபுகாலு உணர்ந்தாள். கொட்டையை எடுத்தபோது ஒன்று கட்டைவிரல் நகத்தின் அடியில் போய்ச் செருகியது. உயிர் போகிற வலி. கை உதறி, கொட்டைகள் பாயில் சிதறின.

பந்தலில் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

பெண் வீட்டுக்காகச் சடங்கில் பேச வந்தவர் சமாளித்தார். "மாப்பிள்ளையோட அழகப் பாத்து அத்தைக்கே கை நடுங்குதுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நாகிபூலே சிரிக்கவில்லை. அவள் கண் பிளாஸ்திரி விலகிய அந்தக் கட்டைவிரலிலேயே இருந்தது.

"என்ன இது?"

கதவு இடுக்கு என்ற பதில் நபுகாலுவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லிவிடலாம். ஆனால் என்றாவது ஒரு நாள் உண்மை வெளியே வரும். அன்றைக்குப் புகுந்த வீட்டில் தனியாக நின்று 'பொய் சொன்ன குடும்பம்' என்ற பேச்சைக் கேட்கப் போகிறவள் நாந்தேசா. நோயாளிக் குடும்பம் என்ற பேரோடு தலைநிமிர்ந்து நடக்கலாம், பொய்க் குடும்பம் என்ற பேரோடு முடியாது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மார்புல கேன்சர் வந்துச்சு. மருந்து நகத்தத் தின்னுடுச்சு. அன்னிக்குக் கைய மறைச்சது அதுக்குத்தான் சம்பந்தி. உங்க புள்ளைய வேணாம்னு இல்ல."

நாகிபூலே பந்தலின் ஓரத்தில் தலைகுனிந்து மண்டியிட்டிருந்த நாந்தேசாவை ஒரு முறை பார்த்தாள்.

"உங்க வீட்டுல வேற யாருக்காச்சும்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. இருந்திருந்தா இப்பவே சொல்லியிருப்பேன்."

"வலிக்குதா?"

"வலிக்குது."

நாகிபூலே உள்ளங்கையை நீட்டினாள். "அப்ப மெதுவா எடுங்க."

நபுகாலு அதே இரண்டு விரல்களால் ஒரு கொட்டையை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள். நாகிபூலே அதை வாயில் போட்டு மென்றாள். எழுந்து தன் பக்கத்துக்குப் போய், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரின் காதோடு குனிந்தாள். வெகுநேரம் பேசினாள். பெரியவர் நபுகாலுவைத் திரும்பிப் பார்த்தார்.

நபுகாலு மண்டியிட்ட இடத்திலேயே இருந்தாள். கையை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பெரியவர் கையை உயர்த்தினார். வாசலில் நின்ற மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சீர்க்கூடைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரிசையாக உள்ளே வரத் தொடங்கினார்கள்.