எடைகளைக் கழற்றி வைக்கும் இடம்

குத்துச்சண்டைக்காரர்கள் எடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகும் கவுண்டரில் நான் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். வரலாற்றிலேயே சிறந்த குத்துச்சண்டை வீரர் யார் என்று மாசி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் காசிமேட்டுச் சங்கத்தில் வரிசைப்படுத்துவார்கள். ஐம்பது கிலோ ஆளையும் நூறு கிலோ ஆளையும் எப்படி ஒப்பிடுவது என்று மற்ற ஊர்களில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம். இங்கே அந்தத் தொல்லை இல்லை. எல்லோரும் எடையை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். நான் அதைக் கோணிப்பையில் கட்டி வைத்து டோக்கன் கொடுப்பேன். பிறகு அவர்கள் மேலே போய்விடாமல் கணுக்காலில் நூல் கட்டி, மறுமுனையைத் தரையிலுள்ள வளையத்தில் முடிந்துவிடுவேன்.

இறந்துபோனவர்கள் பத்து நாற்பது லோக்கல் ரயிலில் ராயபுரம் வந்து இறங்கிவிடுவார்கள். உயிரோடு இருப்பவர்கள்தான் எப்போதும் தாமதம்.

என் தம்பி பாக்கியநாதன் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறான். நனைந்த சட்டையோடு சேர்த்தே நாற்பத்தொன்பது கிலோ. பதினோரு வருடமாக இரண்டாம் இடம். முதலிடம் எப்போதும் கோதண்டபாணிக்கு. அவர் இறந்து எண்பது வருடத்துக்கு மேலாகிறது. அவருடைய எடை நூற்றுப் பதினான்கு கிலோ. அதைக் கழற்றிக் கொடுத்த பிறகும் கனமாக நிற்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. எத்தனை குத்து விட்டாலும் நின்ற இடத்திலேயே நிற்பார்.

பன்னிரண்டு முறை இரண்டாம் இடம் வந்தால் சங்க விதிப்படி பெயரை அடித்துவிடுவார்கள். அதோடு அவர் குத்துச்சண்டை போட்டது எல்லோருக்கும் மறந்துவிடும், அவருக்கும்தான். மார்க்கெட் வாசலில் ஜூஸ் கடை வைத்திருப்பவருக்கு அப்படித்தான் ஆனது. காது ஏன் இப்படி நசுங்கியிருக்கிறது என்று கேட்டால், கதவு இடித்துவிட்டது என்பார். பதிவேடு என்னிடம் இருப்பதால் எனக்கு மட்டும் தெரியும். இந்த வருடமும் தோற்றால் தம்பிக்குப் பன்னிரண்டாவது. காலையிலிருந்து பதிவேட்டைத் திறந்து அவன் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் மனைவி தெரசா இவனைக் காதலித்ததே ஒரு குத்துச்சண்டையைப் பார்த்துத்தான்.

முதலிடத்துக்கான கடைசிச் சண்டை வழக்கம்போல் இவர்கள் இருவருக்கும்தான்; மூன்றாவது சுற்றில் கோதண்டபாணிக்கு வியர்த்துக் கொட்டியது. எங்கள் செயலாளர் மரியதாஸ் விருந்தாளி என்றால் உயிரை விடுகிற ஆள்.

"அம்மாந்தொலவுலேர்ந்து வந்த மனுசன், இப்டி வேர்க்குதே!" என்று சொல்லிக்கொண்டே போய் ஃபேனைப் போட்டுவிட்டார்.

கோதண்டபாணியின் நூல் வளையத்திலிருந்து உருவிக்கொண்டது. அவர் மெதுவாக எழும்பி, கூரையில் முதுகு தட்டி நின்றார். தம்பியின் நூல் பிடித்துக்கொண்டது. தரையில் நிற்காதவருக்குப் பத்து எண்ண வேண்டும் என்பது விதி. நடுவர் எண்ண ஆரம்பித்தார்.

நாலு என்னும்போது என் தம்பி எக்கி, தொங்கிய நூலைப் பிடித்துக் கீழே இழுக்கத் தொடங்கினான். இந்தப் பயல் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

"வுடுறா பாக்கியம்! அவரு மேலயே இருக்கட்டும்டா!" என்று கவுண்டரிலிருந்தே கத்தினேன். எனக்கு வெட்கமாக இல்லை.

"நீ சும்மா இரு, அக்கா. காத்துல ஜெயிச்சேன்னு நாளைக்கு எவனாவது பேசுவான்" என்றான்.

அப்போது மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கோதண்டபாணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு குனிந்து, கணுக்காலில் இருந்த முடிச்சை அவரே அவிழ்த்தார்.

"செத்தப்பகூட பாரம் கொறையல நைனா எனக்கு. இன்னிக்குத்தான் கொறஞ்சிருக்கு. நீ எண்ணு சார்!"

வெறும் நூல் தம்பியின் கைக்கு வந்தது. நடுவர் பத்து எண்ணி முடித்தார். மண்டபமே விசிலடித்தது. தெரசா ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எடையில்லாதவன் ஆதலால் நூலை அவிழ்த்து, அவள் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே மண்டபத்தைச் சுற்றி வந்தாள். நான் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

கோதண்டபாணி தன் டோக்கனைக் கூரையிலிருந்தே என்னிடம் போட்டார். எடை வேண்டாம் என்றார். கேட்பாரில்லாத எடையை மண்டபத்தில் வைத்துப் பூட்டக்கூடாது என்பதால், அதைச் செய்தித்தாளில் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து, வந்திருந்தவர்களுக்கு வரிசையில் கொடுத்தேன். ஆளுக்கு இருநூறு கிராம் வந்தது. ஒல்லியாக இருந்த பிள்ளைகளின் அம்மாக்கள் இன்னொன்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

எடை இல்லாதவரை ரயிலில் ஏற்றமாட்டோம் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். அதனால் கோதண்டபாணி எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார். கொடியில் தம்பியின் சட்டைகளுக்கும் தெரசாவின் புடவைக்கும் நடுவில் இரண்டு கிளிப் போட்டு வைத்திருக்கிறோம். காற்று நன்றாக வருகிறது என்கிறார். மழை தூறினால் துணிகளோடு அவரையும் எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.