தலை குனியும் உத்தியோகம்

நகோயாவில் அரிசி குக்கர் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. விசிட்டிங் கார்டில் 'வாடிக்கையாளர் உறவு' என்று போட்டிருக்கும். உண்மையில் மன்னிப்புக் கேட்பதுதான் என் உத்தியோகம். யார் எங்கே சொதப்பினாலும் அடுத்த ரயிலில் நான் போய் நிற்க வேண்டும். எல்லாம் என் முகத்தால் வந்த வினை. பிறந்ததிலிருந்தே யாருடைய குடையையோ தொலைத்துவிட்டவன் போல இருக்கிறேன். "குராமோச்சி, முகத்தை எடுத்துக்கிட்டு வாய்யா" என்பார் மேனேஜர், என்னவோ அது அலமாரியில் இருக்கும் சாமான் மாதிரி.

இந்த வேலைக்கு இரண்டு சட்டம் உண்டு. கையில் யோகான் என்ற இனிப்புக் கட்டி அடைத்த கனமான பெட்டி இருக்க வேண்டும். இனிப்பு எவ்வளவு கனமோ அவ்வளவு வருத்தம் என்று அர்த்தம். அடுத்தது, எதிரில் இருப்பவரும் பதிலுக்குக் குனிந்துவிட்டால், அவர் நிமிரும் முன் நாம் நிமிரவே கூடாது. எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட நான் மீறியதில்லை.

என் காதலி டொமோயேவை நான் கட்டிக்கொள்ள நினைத்ததற்கு இந்த உத்தியோகமே குறுக்கே நின்றது.

"அப்பா ஒத்துக்க மாட்டேங்கறார்" என்றாள் அவள். "'ஊர்ல எல்லார்கிட்டயும் தலைகுனியறவன் உனக்குன்னு ஒருநாள் நிமிர்ந்து நிப்பானா'ன்னு கேக்கறார். அவர் மனசு நோக நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை நீயே வந்து பேசு."

ஞாயிற்றுக்கிழமை கால்கள் பழக்க தோஷத்தில் அதே யோகான் கடைக்குப் போய் நின்றன.

"இந்தத் தடவை என்ன வெடிச்சுது?" என்றாள் கடைக்காரம்மா.

"ஒண்ணும் வெடிக்கலீங்க. பொண்ணு கேக்கப் போறேன்."

"அப்ப முகத்தை மாத்திக்கிட்டுப் போங்க, தம்பி."

எங்கே போய் மாற்றுவது? டொமோயேவின் அப்பா ஹமாஜிமா கதவைத் திறந்தார். கறுப்பு கோட்டையும் பெட்டியையும் முகத்தையும் ஒரே பார்வையில் பார்த்தார்.

"என் பொண்ணை என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"இன்னும் எதுவும் பண்ணலீங்க" என்றேன். அந்த 'இன்னும்' தேவையே இல்லை.

எப்படியோ உள்ளே விட்டார். பாயில் எதிரெதிரே மண்டியிட்டு உட்கார்ந்தோம். டொமோயே தேநீர் போட எழுந்துபோனாள். இரண்டு நாளாக மனப்பாடம் செய்த வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். நெற்றி தானாகப் போய்ப் பாயில் முட்டியது. வாயிலிருந்து வந்தது இது:

"இனிமே இப்படி நடக்காம பாத்துக்கறோம்!"

பெண் கேட்க வந்தவன் பேசுகிற பேச்சா இது! செத்தேன் என்று நினைத்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால் அவர் நெற்றியும் பாயில் இருந்தது. நாற்பது வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ரயில் இரண்டு நிமிஷம் தாமதமானாலும் பயணிகள் முன் இதே வாக்கியத்தைச் சொல்லிக் குனிந்தவர். காதில் விழுந்ததுமே உடம்பு மடங்கிவிட்டது.

"நிமிருங்க" என்றார் பாயைப் பார்த்தபடியே.

"நீங்க முதல்ல, ஐயா."

"நான் என்னிக்கும் முதல்ல நிமிர்ந்ததில்ல."

"நானும்தாங்க."

டொமோயே தட்டோடு வந்தாள். "ரெண்டு பேரும் என்னத்தைத் தேடறீங்க?"

யாரும் நிமிரவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் மெதுவாகக் கேட்டார்: "வீட்ல சண்டை வந்தா என்ன பண்ணுவீங்க? உடனே இப்படி விழுந்துடுவீங்களா?"

அதுதான் அவருடைய பயம் என்று புரிந்தது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. எட்டு வருஷமாக நான் செய்யாத தப்புக்கெல்லாம் குனிந்திருக்கிறேன். எனக்கென்று ஒரு கோபம் மிச்சம் இருக்கிறதா என்றே தெரியாமல் இருந்தேன். இருந்தது. இந்தக் கேள்விக்குப் பாயைப் பார்த்துப் பதில் சொல்ல மனசு வரவில்லை.

நிமிர்ந்தேன். அவருக்கு முன்னால்.

"இல்லீங்க. நான் பண்ணின தப்புக்கு மட்டும்தான் மன்னிப்பு கேப்பேன். என் தப்பு இல்லாததுக்கு அவகூட சண்டை போடுவேன். அவளை யாராவது ஏதாவது சொன்னா அவங்ககூடவும் போடுவேன். அது நீங்களா இருந்தாலும்."

டொமோயே தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

அவர் அசையவில்லை. கோபித்துக்கொண்டார், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"சரி" என்று பாயிலிருந்து குரல் வந்தது. "இப்ப வந்து என்னைத் தூக்கி விடுங்க, மாப்பிள்ளை. முட்டி பிடிச்சுக்கிச்சு."